ஆறு குடிவந்த கோணக்காடு

புரட்டாசி மாதத்தில், மழை எதுவும் பெய்யாத ஒரு திங்கட்கிழமை காலையில், நொச்சியாறு தன் கான்கிரீட் கால்வாயை விட்டு எழுந்து, கோணக்காட்டுக் காலனியின் முதல் வீடான கருணாம்பிகையின் வீட்டுக்குள் பின்சுவர் வழியாக வந்தது. வந்து, அடுப்படியைத் தாண்டி, ஹாலில் கிடந்த கட்டிலைச் சுற்றிக்கொண்டு, டிவி இருந்த மூலைச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. சுவரில் விரிசல் விழவில்லை. காரை உதிரவில்லை. நெரிசலில் நடந்து பழகிய ஆள் யார் மேலும் இடிக்காமல் கடந்துபோவதுபோல, ஆறு சுவருக்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறியது. அன்றைக்கு அதன் நிறம் கத்தரிப்பூ. முழங்கால் அளவுக்கு இருந்தது. மேலே நுரை மிதந்தது.

கருணாம்பிகை அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உலையில் அரிசியைப் போட்டாள், வடித்தாள், டப்பாவில் சாப்பாடு கட்டினாள், ஆற்றுக்குள் நடந்து வாசலுக்கு வந்து கம்பெனி வேன் ஏறினாள். வேனில் பக்கத்தில் இருந்தவள் சேலை ஏன் இப்படி நனைந்திருக்கிறது என்று கேட்டதற்கு, வீட்டுக்குள் ஆறு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளுக்கு எதுவும் பெரிதாகப் படாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இவற்றைக் கண்டுபிடித்து ஸ்டிக்கர் ஒட்டுவது. அவள் புருஷன் சென்னியப்பன் சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவர். பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பு என்று உள்ளே இறங்கியவர், தேங்கிக் கிடந்த தண்ணீரின் விஷமூச்சு அடித்து, மேலே ஏறவில்லை. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது சொந்தபந்தம் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதது. கருணாம்பிகை மட்டும் அவர்மேல் போர்த்தியிருந்த புதுத்துணியின் ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பெனியாக இருந்தால் அந்தத் துணியைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்தாள். அழுகை நாளைக்கு வரும், நாளன்னைக்கு வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அப்புறம் அதையும் மறந்துவிட்டார்கள். சூடான டம்ளரைப் பிடித்தாலும் அவள் விரல் சுடுவதில்லை. ஓசூரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் திருமூர்த்தி போன் பண்ணினால் அவன் குரல் ரொம்ப தூரத்தில் யாரோ யாருடனோ பேசுவதுபோல இருக்கும்.

கோணக்காடு என்ற பேரே ஆறு கொடுத்த பேர்தான். அந்தக் காலத்தில் நொச்சியாறு அந்த இடத்துக்கு வந்ததும் முழங்கையை மடக்கினாற்போல ஒரு திருப்பம் திரும்பி, அரை ஊரைச் சுற்றிக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு நின்று நிதானித்துப் போகும். வெள்ளம் சீக்கிரம் வடியவேண்டும் என்று சர்க்கார் அந்தத் திருப்பத்தை வெட்டிவிட்டு, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நேராக ஒரு கால்வாய் வெட்டி, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, அடியிலும் கான்கிரீட் போட்டு, ஆற்றை அதற்குள் இறக்கியது. காய்ந்துபோன பழைய திருப்பத்தில் சைட் போட்டார்கள். சாயப்பட்டறைக்காரர்கள், டெய்லர்கள், லோடுமேன்கள் என்று ஒவ்வொருவராக வாங்கி வீடு கட்டினார்கள். ஆறு பட்டறைகள் விட்ட சாயத்தைச் சுமந்துகொண்டு, தவளை இல்லாமல், பாசி இல்லாமல், சத்தம் இல்லாமல், தண்டவாளத்தில் போகும் சரக்கு ரயில்போல நேராகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது அது தன் பழைய திருப்பத்துக்குத் திரும்பி வந்திருந்தது, அவ்வளவுதான். அந்தத் திருப்பத்தில் இப்போது வீடுகள் இருந்தன, அதனால் வீடுகள் வழியாகப் போயிற்று.

காலனி முதல் வாரம் கொஞ்சம் தடுமாறியது. பிறகு எல்லோரும் கட்டில் கால்களுக்கு ஹாலோபிளாக் கல் வைத்தார்கள். கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டார்கள். சுவிட்சுப் பெட்டிகளை உயரத்துக்கு மாற்றிக் கொடுக்கும் எலக்ட்ரீசியனுக்கு நாள் முழுக்க வேலை இருந்தது. காலனியின் நடுவில் ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, காலை மடக்கிக்கொண்டு, கீழே ஆறு போக, பஜ்ஜி தின்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், கோடையிலும் இப்படித் தண்ணி இருக்குமா என்று. இருக்கும் என்று சொன்னதும் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

ஆற்றுக்குப் பொறுப்பான இன்ஜினியர் வந்து கால்வாயைப் பார்த்தார். அது காய்ந்து, வெயிலில் வெளுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை காலியாகக் கிடந்தது. தன் வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, வரைபடத்தின்படி ஆறு கால்வாயில்தான் இருக்கிறது, ஆகவே வீடுகளுக்குள் இருப்பது ஆறாக இருக்க முடியாது, எல்லோரும் தங்கள் வீட்டுக் குழாய்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சிலர் சரிபார்க்கவும் செய்தார்கள்.

ஆனால் வீடுகளுக்குள் போகும் ஆறு கால்வாயில் போன ஆறாக இல்லை. கட்டிலைச் சுற்றவும், அம்மிக்கல்லில் முட்டித் திரும்பவும், படிக்கட்டுக்கு அடியில் தயங்கவும் வேண்டியிருந்ததால் அதன் நடை மெதுவாயிற்று, நடை மெதுவானதும் சுமந்து வந்ததை ஒவ்வொன்றாக இறக்கிவைக்கத் தொடங்கியது. கருணாம்பிகை வீட்டில் கருப்பு நிறத்தை இறக்கியது. பக்கத்து வீட்டு மாரப்பன் வீட்டில் நீலத்தை. அதற்கடுத்த வீடுகளில் சிவப்பையும், இலைப்பச்சையையும், மஞ்சளையும். திருப்பத்தின் கடைசி வீடான அருள்செல்வி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இறக்கிவைக்க அதனிடம் எதுவும் மிச்சம் இல்லை. அருள்செல்வி வீட்டோடு தையல் மிஷின் போட்டு வேலை செய்கிறவள். மிஷினை மிதித்துக்கொண்டே குனிந்து பார்த்தால் தன் கால்விரல்கள் தெரிந்தன. தை மாதம் அவளுடைய மிஷின் பெடலுக்கு அடியில் கெண்டைக் குஞ்சுகள் வந்து நின்றன.

அவள் நியாயம் தெரிந்தவள். ஒரு குடம் தெளிந்த தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, திருப்பம் முழுக்க நடந்து, கருணாம்பிகை வீட்டில் கொண்டுவந்து வைத்தாள். இந்தக் குடத்துத் தண்ணீரின் அழுக்கெல்லாம் உங்கள் வீட்டில்தான் கிடக்கிறது, ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் வந்து சேறு வாருகிறோம் என்றாள். சொன்னபடி வந்தார்கள். திருப்பத்தின் கடைசியில் இருந்த கீழ்வீட்டுக்காரர்கள் தொடக்கத்தில் இருந்த மேல்வீடுகளில் சேறு அள்ளினார்கள், மேல்வீட்டுக்காரர்கள் கீழ்வீடுகளில் துணி துவைத்தார்கள். அள்ளிய சேற்றைச் சாக்கில் கட்டி, அது வந்த பட்டறைகளின் வாசலிலேயே கொண்டுபோய் அடுக்கினார்கள். பட்டறைக்காரர்களும் நிறத்தைப் பார்த்து, தங்கள் பொருள்தான் என்று அடையாளம் கண்டு, மறுபேச்சில்லாமல் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

மாரப்பன் ஒரு பட்டறையில் வால்வு ஆள். சாயத் தொட்டியின் தண்ணீரை ஆற்றில் திறந்துவிடுவது அவன் வேலை. முன்பெல்லாம் திறந்துவிட்டால் அது கால்வாயோடு போய்விடும், எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. இப்போது அவன் காலையில் திறந்துவிட்ட சிவப்பு, மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், அவனுடைய மனைவி குழம்பு கொதிக்க வைத்திருக்கும் அடுப்புக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. அவள் சோற்றைப் போட்டு, அவன் தட்டை அந்தச் சிவப்பின்மேல் மிதக்கவிட்டாள். மறுநாள் மாரப்பன் வால்வில் கையை வைத்தான், திருகவில்லை. மற்றப் பட்டறைகளின் வால்வு ஆட்களும் அந்தக் காலனியில்தான் குடியிருந்தார்கள். யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு பட்டறையிலும் வால்வு துருப்பிடித்துவிட்டது என்று சொல்லப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில் கருணாம்பிகை வேலைக்குப் போனாள், வந்தாள். ஆற்றில் நடந்து அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் அரிசி பொங்கினாள். தண்ணீர் காலில் படுவது அவளுக்குத் தெரியவில்லை. ஈரச் சேலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். சென்னியப்பனின் சட்டைகள் தொங்கும் சின்ன அறையை மட்டும் அவள் திறக்காமல் வைத்திருந்தாள், பூட்டு எதுவும் போடவில்லை, கதவு சாத்தியே இருந்தது. ஆறு அந்த அறைக்குள்ளும் போயிருக்கும், சுவர் வழியாக. அவள் போகவில்லை.

மாசி கடைசியில்தான் சங்கடம் தொடங்கியது. ஆறு சுவருக்குள் நுழைந்து போய்விடும், சேறு போகாது. இத்தனை வருஷமாக மேலே பட்டறைகளை ஒட்டிய படுகையில் படிந்து கிடந்ததையெல்லாம் ஆறு உருட்டிக்கொண்டு வந்தது, அதில் முக்கால்வாசி முதல் வீட்டில் தங்கியது. ஞாயிற்றுக்கிழமை அள்ளினால் வியாழக்கிழமைக்குள் மறுபடி ஜன்னல்கட்டை வரைக்கும் வந்தது. ஆறு அதன்மேல் மெலிந்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்தது. கீழ்வீடுகளில் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியது.

அப்போது இன்ஜினியர் மறுபடி வந்தார். இந்தத் தடவை அது ஆறுதான் என்று ஒத்துக்கொண்டார். கருணாம்பிகை வீட்டுப் பின்பக்கம், ஆறு கால்வாயை விட்டு எழுந்துவரும் இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் சுவர் கட்டினால் ஆறு பழையபடி கால்வாய்க்குள் போய்விடும். சுவருக்கு அஸ்திவாரம் போட அவளுடைய கொல்லை வேண்டும். அவள் சரி என்றால் போதும் என்றார். கான்கிரீட் சுவருக்குள் ஆறு நுழையாதா என்று மாரப்பன் கேட்டதற்கு, தகுந்த கனத்தில் கட்டினால் நுழையாது, இத்தனை வருஷம் நுழையவில்லையே என்றார்.

காலனி இரண்டாகப் பிரிந்தது. சேறு நாற்றம் தாங்காத மேல்வீட்டுக்காரர்கள் கருணாம்பிகையிடம் வந்து, சுவர் வரட்டும் அக்கா என்றார்கள். ஆகட்டும் என்றாள். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து, சுவர் வேண்டாம் அக்கா, பிள்ளைகள் மீனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிவிட்டன என்றார்கள். அவர்களுக்கும் ஆகட்டும் என்றாள். இரண்டு தரப்பும் திருப்தியாகப் போய்விட்டு, பிறகு குழாயடியில் சந்தித்தபோதுதான் விஷயம் தெரிந்து சண்டை போட்டுக்கொண்டார்கள். திருமூர்த்தி ஓசூரிலிருந்து கிளம்பி வந்தான். பாண்டை நனையாமல் மடித்துவிட்டு, இன்னும் இரண்டு கல் ஏற்றிய கட்டிலில் உட்கார்ந்து, சுவர் கட்டிக்கொள்ளட்டும், நீ என்னோடு வந்துவிடு, இந்த வீட்டில் உனக்கு என்ன இருக்கிறது என்றான். அவள் அவனைப் பார்த்தாள். அப்பாவுக்கு இருந்த அதே அகன்ற நெற்றி. அதைப் பார்த்தால் ஏதாவது தோன்றவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சாப்பிட என்ன பண்ணட்டும் என்று கேட்டாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நின்றுவிட்டது.

அவள் வீட்டு ஹாலில்தான் நின்றது. எழுந்து பார்த்தபோது நுரை நகரவில்லை. கருப்புத் தண்ணீரின்மேல் ஒரு ஆடை படர்ந்து, அதில் வெயில் பட்டு எண்ணெய் நிறங்கள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அருள்செல்வி ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தாள். வாளியில் கெண்டைகள் வாயைத் திறந்து திறந்து மூடின. எங்கள் பக்கம் வறண்டுவிட்டது, இங்கேயாவது விடலாம் என்று கொண்டுவந்தேன் என்றாள். ஹாலைப் பார்த்தாள். வாளியைச் சாய்க்காமல், இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பின்னாலேயே மாரப்பனும் இன்னும் சிலரும் வந்து வாசலில் நின்றார்கள்.

அப்போது அந்தத் தேங்கிய தண்ணீரிலிருந்து ஒரு வாசம் எழுந்தது. அழுகின முட்டை மாதிரி, துரு மாதிரி. ஆஸ்பத்திரியில் சென்னியப்பனின் உடுப்பை ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தபோது அந்தப் பையில் இருந்த வாசம் அது. அவள் பையைப் பிரித்துப் பார்க்காமல் அந்தச் சின்ன அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள்.

கருணாம்பிகை வெளியே போனாள். மாரப்பன் வீட்டு மாட்டுக்கொட்டாயில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தாள். சின்ன அறையின் கதவைத் திறந்து, சேற்றில் இடுப்பளவு இறங்கி, ஆறு போகவேண்டிய பக்கத்துச் சுவரில் ஓங்கிக் குத்தினாள். காரை பெயர்ந்து விழுந்தது. மறுபடியும் குத்தினாள். கொக்கியில் தொங்கிய சட்டைகள் ஆடின.

மாரப்பன் பின்னால் வந்து மெதுவாகக் கேட்டான்: “என்னங்க்கா பண்றீங்க? வூடு நிக்காதுங்க.”

அவள் திரும்பாமல் சொன்னாள்: “நின்ன தண்ணியிலதாங்க அவரு போனாரு. இது நிக்க வேண்டாம். போகட்டும்.”

அந்த வீட்டில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி ரொம்ப நாளாகியிருந்தது. அந்த ஞாயிறும் அம்மாவைக் கூட்டிப்போக வந்திருந்த திருமூர்த்தி கட்டிலிலிருந்து இறங்கினான். மடித்துவிட்ட பாண்டோடு சேற்றுக்குள் நடந்துவந்து, அம்மாவின் கையிலிருந்து கடப்பாரையை வாங்கினான். தடுக்கத்தான் வாங்குகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் சுவரைப் பார்த்தான், சட்டைகளைப் பார்த்தான், அவற்றைக் கொக்கியோடு கழற்றி அம்மாவின் தோளில் போட்டான், பிறகு சுவரை இடிக்கத் தொடங்கினான். அவன் இடித்தது ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் வேலை பார்க்கிறவன் இடிப்பதுபோல இல்லை. தொட்டிக்குள் இறங்கி ஒருத்தரை வெளியே இழுக்கிறவன் இடிப்பதுபோல இருந்தது. அடுத்து மாரப்பன் தன் வீட்டுப் பக்கத்திலிருந்து இடித்தான். பத்துமணி வெயிலில் சுவர் சரிந்தது. ஜன்னல்கட்டை வரை நின்ற சேறு ஒரு கணம் யோசித்துவிட்டு, நகர்ந்தது. அதன் பின்னால் ஆறு போயிற்று.

அன்றைக்கும் அதற்குப் பிறகும் திருப்பம் நெடுகிலும் சுவர்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. இதற்கு யாரும் கூட்டம் போடவில்லை. ஒரு வீட்டில் இடித்தால் அடுத்த வீட்டில் சேறு வந்து நின்றது, அடுத்த வீட்டுக்காரர் கடப்பாரையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சுவர் வேண்டும் என்று சொன்னவர்கள்தான் வேகமாக இடித்தார்கள். ஆறு வீட்டுக்கு வீடு அகலமாயிற்று. தரை டைல்ஸுக்கு அடியிலிருந்து பழைய மணலைத் தானே தோண்டி எடுத்து ஓரமாகப் போட்டுக்கொண்டது. கூரை மட்டும் எத்தனை நாள் நிற்கும், அதையும் இறக்கினார்கள். இனி எங்கே குடியிருப்பது என்ற கேள்வி வந்தபோது, எல்லோரும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கால்வாய் காலியாகக் கிடந்தது. நேராக, சமமாக, இரண்டு பக்கமும் சர்க்கார் கட்டிய உறுதியான சுவரோடு, நடுவில் ஒரு தெரு விட்டாலும் இரண்டு வரிசை வீட்டுக்கு இடம் இருந்தது.

அதற்குள் குடிபோனார்கள். கூரை ஓடுகளையும் ஜன்னலையும் கதவையும் அப்படியே கொண்டுபோய் வைத்தார்கள். கழுவிவிட்டால் நல்ல தரை. இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு, கால்வாயில் வீடு கட்டக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தவர், கால்வாய் என்பது ஆறு ஓடும் இடம், இங்கே ஆறு ஓடவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கருணாம்பிகை கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவள் இடம் கால்வாயின் தொடக்கத்தில், ஆறு திரும்பும் இடத்துக்கு நேர் எதிரில் அமைந்தது. திருமூர்த்தி ஓசூருக்குப் போகும்போது வா என்று கூப்பிடவில்லை; மாசம் ஒரு ஞாயிறு வருகிறேன் என்றான், வந்தான்.

ஐப்பசியில் பெருமழை பெய்து மேலே அணை திறந்தார்கள். சைரன் கேட்டதும் கால்வாய்க்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள். செம்மண் வெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. கால்வாயின் வாய் வரைக்கும் வந்து, உள்ளே விளக்கெரியும் ஜன்னல்களைப் பார்த்து, முழங்கையை மடக்கினாற்போலத் திரும்பித் தன் வழியில் போயிற்று. திருப்பத்தில் அகலமாகப் பரந்து, வேகம் குறைந்து, மறுநாளே தெளிந்துவிட்டது. எல்லோரும் இறங்கிவந்து அடுப்பு மூட்டினார்கள். ஒருத்தரும் ஆற்றுக்கு நன்றி சொல்லவில்லை, ஆறும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

கார்த்திகையில் சர்வே ஆள் ஒருவர் வந்தார். புது வரைபடம் போடுகிறார்களாம். சின்ன வயசுக்காரர். ஆற்றுக்கு அக்கரையில், முன்பு மாரப்பனின் அடுப்படி இருந்த மணல்திட்டில், முக்காலியில் கருவியை வைத்துக்கொண்டு நின்றார். இக்கரையில் கருணாம்பிகை கம்பெனி வேனுக்காகக் காத்திருந்தாள். அவர் அவளைப் பார்த்துக் கையசைத்து, இந்தத் திருப்பத்துக்கு என்ன பேர் என்று கேட்டார். வரைபடத்தில் போட ஒரு பேர் வேண்டும்.

ஊரில் எல்லோரும் அதைக் கருணாம்பா வீட்டு வளைவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைச் சொல்லியிருக்கலாம். அவள் வாயைத் திறந்தபோது வந்தது வேறு பேர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அந்தப் பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும், பக்கத்தில் நிற்கிறவர்களைச் சொல்லச் சொல்வாள், அவர் இறந்த அன்றைக்குப் போலீஸ்காரர் கேட்டபோதும் மாரப்பன்தான் சொன்னான்.

“சென்னியப்பன்” என்றாள்.

அக்கரையில் இருந்தவர் காதில் கையை வைத்துக்கொண்டார். “ஆத்துச் சத்தத்துல கேக்கலீங்கம்மா. இன்னொருக்கா சொல்லுங்க.”

ஆறு கற்களில் உருண்டு சத்தமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கருணாம்பிகை சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். ரெண்டு அடி தண்ணீருக்குள் போனாள். அது ஜில்லென்று இருந்தது. கையை வாயருகே குவித்துக்கொண்டு, தொண்டை கிழிய, அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினாள். அவர் கேட்டுவிட்டதாகத் தலையாட்டியும் நிறுத்தாமல் மறுபடி கத்தினாள், மறுபடியும் கத்தினாள். கால்வாய்க்குள் வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அருள்செல்வி மிஷினை விட்டு எழுந்து ஓடிவந்தாள். வேன் வந்து நின்று ஹாரன் அடிக்காமல் காத்திருந்தது. ஆறு அந்தப் பேரை வாங்கிக்கொண்டு திருப்பத்தில் திரும்பியது.